கேபிளில் காலமானவர்

1

தில்லையம்பலம் அண்ணை காலமாகி நேற்றோடு ஒரு வருடம். நேற்றுக் காலை அவரே தொலைபேசி எடுத்து ஞாபகப்படுத்தினார்.

"தங்கச்சி, இண்டைக்கு என்ரை ஆண்டுத் திவசம். மறந்திட்டீரோ?"

எப்படி மறப்பேன். அவரைக் காலமாக்கியவளே நான்தான். போதாததற்கு அந்தச் செய்தி நகரசபைக் கோப்பில் ஏறி, ஆங்கிலத்தில் அச்சாகி, அரசியல்வாதிகள் முன்னால் விவாதிக்கப்பட்டும் விட்டது. ரொறன்ரோவுக்கு வந்து முப்பது வருடத்தில் இந்த நகரத்தின் ஆவணங்களில் நான் பதித்த ஒரே தடம் அது. ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் என்னைப் பற்றி வேறு விதமாகக் கேள்விப்பட முன்னர் நானே சொல்லிவிடுகிறேன்.

2

வாரத்தில் ஐந்து நாளும் நான் ஒரு பல் வைத்தியசாலையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வருகிறவர்களின் வாயைப் பற்றிக் கேட்டு எழுதுவதுதான் வேலை. என் கணவர் லொறி ஓட்டுகிறார். விடிய முன்னர் எழும்பி பிறம்ரனில் இருக்கிற களஞ்சியத்துக்குப் போய்விடுவார். மகள் ஆரணி கல்யாணம் செய்து விட்பியில் இருக்கிறாள். எங்கள் மில்லிக்கன் வீட்டில் சனிக்கிழமை காலையில் எனக்கென்று ஒரு வேலையும் இருக்காது. அதனால்தான் மரணத்தைப் பொறுப்பெடுத்தேன்.

எங்கள் பகுதிக்கு ஒரு கேபிள் தொலைக்காட்சி உண்டு. அதில் அக்கம்பக்கத்து மக்களே நிகழ்ச்சி செய்கிற ஒரு சின்ன அலைவரிசை. அதில் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அரை மணி நேரம் தமிழ். அந்த அரை மணியில் கடைசிப் பத்து நிமிடம் மரண அறிவித்தல். வாசிப்பது நான். சம்பளம் கிடையாது. படம் பிடிப்பது நிஸாம் அண்ணை. மற்ற நாட்களில் குளிரூட்டி திருத்துகிறவர், யாழ்ப்பாணத்து முஸ்லிம். தங்கள் ஆட்களை அன்றன்றைக்கே அடக்கிவிடுவதால் என்னுடைய சனிக்கிழமைக்கு ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள் என்று பகிடி விடுவார்.

இந்த வேலைக்கு நான் சின்ன வயதிலேயே பயிற்சி எடுத்திருந்தேன். உரும்பிராயில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வானொலியில் மரண அறிவித்தல் போகும். வீடே வாயை மூடிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த அறிவிப்பாளரின் குரலில் அப்படி ஒரு மோகம். பத்து வயதில் ஒருநாள் கிணற்றடியில் நின்று, வாளியை ஒலிவாங்கியாகப் பிடித்து, எங்கள் ஒழுங்கையில் இருந்த அத்தனை பேரையும் பிறப்பிடம் வதிவிடத்தோடு காலமாக்கினேன். பக்கத்து வீட்டு அன்னம்மா மாமி வேலிக்கு அந்தப் பக்கம் தன் பெயரைக் கேட்டுவிட்டார். அம்மா அகப்பைக் காம்பால் தந்த அடி இன்னும் நினைவிருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களைக் காலமாக்கக் கூடாது என்ற பாடத்தை அன்றைக்கே படித்திருக்க வேண்டும்.

3

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது தனியாக நின்று படம் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் கடவுச்சீட்டுக்கு மட்டும். அதில் எல்லோரும் களவெடுத்துப் பிடிபட்டவர்கள் மாதிரி இருப்பார்கள். ஆகவே ஒருவர் போனதும் வீட்டுக்காரர் கல்யாண அல்பங்களைத் தேடத் தொடங்குவார்கள். கோட் போட்டு, சிரித்தபடி, நல்லாக நிற்கிற படம் அங்கேதான் கிடைக்கும். அதை வெட்டி எனக்கு அனுப்புவார்கள், அல்லது வெட்டச் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் மரண அறிவித்தல் படங்களை உற்றுப் பாருங்கள். அனேகமாகக் காலமானவரின் தோளில் யாருடையதோ ஒரு கை இருக்கும்.

போன வருடம் பரராஜசிங்கம் என்பவர் காலமானார். அவருடைய மருமகன் அனுப்பியது ஒரு கல்யாணப் படம், பன்னிரண்டு பேர் நின்றார்கள். பெண்ணின் தகப்பனுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டோடு நிற்பவர்தான் மாமா என்று எழுதியிருந்தார். பெண்ணின் தகப்பனுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் சாம்பல் நிறக் கோட் என்பதை நான் யோசிக்கவில்லை. வலது பக்கத்தவரை வெட்டி எடுத்தேன். நிஸாம் அண்ணை திரையில் ஏற்றினார். நான் உருக்கமாக வாசித்தேன்.

வலது பக்கத்தவர்தான் தில்லையம்பலம் அண்ணை. ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே கதவுத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் வேலை செய்து ஓய்வெடுத்துவிட்டார். மனைவி இல்லை, ஒரே மகன் வேறு மாகாணத்தில். முதியோர் குடியிருப்பின் ஏழாம் மாடியில் தனியாக இருந்து, தேநீர்க் கோப்பையோடு, தன்னுடைய மரண அறிவித்தலை முழுவதும் பார்த்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை திருத்தம் வாசித்தேன். சென்ற வாரம் காட்டப்பட்ட படத்தில் உள்ளவர் காலமாகவில்லை, இதற்காக மனம் வருந்துகிறோம் என்று என் பழகிப்போன குரலிலேயே சொல்லி முடித்தேன். அவர் உயிரோடு இருப்பதற்காக நாங்கள் வருந்துகிற மாதிரி இருந்தது என்று நிஸாம் அண்ணை பிறகு சொன்னார். பரராஜசிங்கத்தின் மனைவியிடம் மரணச் சடங்கு நடந்த மண்டபத்துக்கே போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அந்த மனுசி, தன் கணவர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார் என்றார். சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். தபாலதிபர் ஒருவரின் கையில் பேனை இருப்பதை மறந்துவிட்டேன்.

4

கேபிள் நடத்துகிற அனுமதி ஒட்டாவாவில் இருந்து வருவது. அதில் எங்கள் நகரசபைக்குப் பங்கில்லை. ஆனால் அந்தச் சின்ன அலைவரிசைக்கான கலையகம் நகரசபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அந்த இடத்தை கேபிள் நிறுவனத்துக்குக் கொடுக்கிற உடன்படிக்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். நிறுவனத்துக்கு வைத்திருந்தாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். இடம் போனால் அலைவரிசை போகும். அலைவரிசை போனால் எங்கள் அரை மணியும் போகும்.

படம் மாறி இரண்டு மாதத்தில் அந்த உடன்படிக்கை நகரசபைக் குழுவின் முன்னால் வந்தது. அதிகாரிகள் ஓர் அறிக்கை தயாரித்திருந்தார்கள். இதை யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் அதில் இருந்த பெரிய கேள்வி. இவ்வளவு சின்ன அலைவரிசைக்குப் பார்வையாளர் கணக்கு எடுப்பதில்லை என்று நிறுவனம் பதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கிடைத்த முறைப்பாடு ஒன்று, முறைப்பாட்டாளர் தான் காலமானதாக அறிவிக்கப்பட்டதாகத் தெரிவிக்கிறார் என்று இருந்தது.

அந்த அறிக்கையை எழுதிய அதிகாரி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மரியாதையான இளம் பெண். சுற்றி வளைத்து, தயங்கித் தயங்கி, முறைப்பாட்டாளர் இன்னமும் நம்மோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார், நல்ல சுகமாக இருக்கிறார் என்றேன். கடிதத்தின் பிரதியைக் கேட்டபோது அனுப்பிவைத்தார். தெளிவான பழைய ஆங்கிலம். இந்த அலைவரிசையை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதற்குத் தானே சாட்சி என்று முடித்திருந்தார்.

வார இறுதிக்கு வந்திருந்த ஆரணியிடம் சொன்னேன். அவள் கைத்தொலைபேசியில் இருந்து தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, நோபடி வாச்சஸ் கேபிள் எனிமோர். அந்த அங்கிள் சொல்றது கரெக்ட்," என்றாள். அவளுக்குத் தமிழ் அரைவாசி, எனக்கு ஆங்கிலம் அரைவாசி. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுக் கதை வரும். அன்றைக்கு வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளே பயமும் இருந்தது. அந்தப் பத்து நிமிடம்தான் நான் கனடாவில் கூச்சமில்லாமல் பேசுகிற பத்து நிமிடம். வேலையிடத்தில் ஒரு வசனம் சொல்ல முன்னர் மனதுக்குள் இரண்டு தரம் ஒத்திகை பார்க்கிறவள் நான். சனிக்கிழமைகளில் மட்டும் என் குரல் என்னுடையதாக இருக்கும். அதை இழக்க நான் தயாராக இல்லை.

5

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் தில்லையம்பலம் அண்ணையிடம் போனேன். காலமாக்கிய ஒருவரைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோவது என்று கடையில் கால் மணித்தியாலம் நின்றேன். கடைசியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். அது மரணவீட்டுக்கும் பொருந்தும், சாதாரண வீட்டுக்கும் பொருந்தும்.

மனுசன் மரியாதையாக வரவேற்று இஞ்சி போட்டுத் தேநீர் தந்தார். முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டேன். தன்னுடைய கோப்பையை நிரப்பிக்கொண்டு சொன்னார்.

"படம் மாறினது பெரிய விசயமில்லை தங்கச்சி. ஆருக்கும் நடக்கும். ஆனா அண்டைக்கு நான் போனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு இரவாகுமட்டும் இருந்தனான். மூண்டு கோல் வந்தது. ஒண்டு மகன். அவன் வேறை அலுவலா எடுத்தவன். மற்றது கண் டொக்டர்ரை ஒஃபிஸ். மூண்டாவது பிழை நம்பர்."

நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

"ஒண்டில் உங்கடை சனலை ஒருத்தரும் பாக்கிறேல்லை. இல்லாட்டி நான் செத்ததை ஒருத்தரும் பொருட்படுத்தேல்லை. ரண்டிலை ஒண்டுதான் உண்மை. நான் முதலாவதை நம்புறன். அதைத்தான் எழுதினனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கடிதத்தை அவர் எங்கள் மேல் இருந்த கோபத்தில் எழுதவில்லை, தனக்கு ஆறுதலாக எழுதியிருக்கிறார். அவர் நம்பிக்கொண்டிருந்தது முழுப் பிழை என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய படம் போன அந்தச் சனிக்கிழமை பின்னேரம் முழுக்க என் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. அறிவித்தல் கொடுப்பதற்கென்று திரையின் அடியில் போவது என் இலக்கம். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்குத்தான் எடுத்தார்கள். படத்தில் இருப்பது தில்லை அண்ணை அல்லவா, பெயர் வேறாக இருக்கிறதே, அதுதான் அவருடைய பதிவுப் பெயரா என்று கேட்டார்கள். சிலர் அழுதார்கள். ஒருவரும் அவருக்கு எடுக்கவில்லை. எப்படி எடுப்பது? இறந்திருந்தால் யாரிடம் கேட்பது? இறக்காமல் இருந்தால் ஒரு மனிதரிடம் நீங்கள் செத்துவிட்டீர்களா என்று எந்த வாயால் கேட்பது? எங்கள் ஆட்கள் இதையெல்லாம் மூன்றாம் இடத்தில்தான் விசாரிப்பார்கள். அந்த மூன்றாம் இடம் நான்.

இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். குற்றம் செய்தவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். யார் யார் எடுத்தார்கள், பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். எனக்கு அந்த நேரம் பார்த்து மூன்று பெயர்தான் வந்தது. மூன்றும் எனக்குச் சொந்தக்காரர். வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரிகளைக் கிண்டினேன். பழைய அறிவித்தல் தாள்களை நான் எறிவதில்லை, பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போட மனம் வராது. பரராஜசிங்கத்தின் அறிவித்தல் தாள் அகப்பட்டது. அதன் பின்பக்கத்தில் எடுத்தவர்களின் பெயர்கள் என் கையெழுத்தில் இருந்தன. திருத்தம் வாசிக்கும்போது நன்றி சொல்வதற்கென்று பிறப்பிடமும் வதிவிடமும் சேர்த்துக் குறித்து வைத்து, வெட்கத்தில் சொல்லாமல் விட்டவை. எண்ணினேன், முப்பத்தெட்டுப் பேர். அண்ணைக்கு மூன்று தரம் எடுத்தேன். யாருடைய இலக்கம் என்று பார்த்துவிட்டு மனுசன் தொலைபேசியைத் தூக்கவில்லை போல.

6

அடுத்தநாள் காலை பல் வைத்தியரிடம் அரை நாள் விடுப்புக் கேட்டுப் போனேன். குழுவின் முன்னால் யாரும் பேசலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். எங்களுக்கு முன்னர் ஒருவர் தன் வீட்டு மரத்தை வெட்ட அனுமதி கேட்டார், பக்கத்து வீட்டார் வெட்டக்கூடாது என்றார். அந்த மரத்துக்காக முக்கால் மணித்தியாலம் போனது. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விசயம் இதுதான், மரத்துக்கும் பொறுமையாகக் காது கொடுப்பார்கள்.

நம்பிக்கை இல்லாவிட்டாலும் ஆரணி ஒரு பேச்சு எழுதித் தந்திருந்தாள். பன்முகக் கலாசாரம், துடிப்பான சமூகம் என்று அழகான ஆங்கிலம். முதல் பந்தியை வாசித்தேன். தலைவராக இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை மக்கள் பார்க்கிறார்கள் என்பதற்கு என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று அன்பாகக் கேட்டார். ஆரணியின் தாளை மடித்து வைத்துவிட்டு மற்றத் தாளை எடுத்தேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, அன்று எடுத்தவர்களின் பெயர்களை வாசிக்கப்போகிறேன் என்றேன்.

வாசிக்கத் தொடங்கியதும் என் சனிக்கிழமைக் குரல் தானாக வந்துவிட்டது. ஆங்கிலத்தில்தான் வாசித்தேன், ஆனால் கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் மில்லிக்கனை வதிவிடமாகவும் கொண்ட திருமதி சறோஜினி, நெடுந்தீவைப் பிறப்பிடமாகவும் விட்பியை வதிவிடமாகவும் கொண்ட திரு. யோகநாதன் என்றுதான் வந்தது. பிறப்பிடம் வதிவிடம் இல்லாமல் ஒரு பெயரைச் சொல்ல எனக்கு வராது. வெறும் பெயராக வாசித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். குழுவில் இருந்த ஒருவர் கையை உயர்த்தி, இவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று கவலையோடு கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். பதினான்காவது பெயரில் நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. வெட்கமும் துக்கமுமாகத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து எதிராகப் பேசப் பதிந்திருந்தவரைக் கூப்பிட்டார்கள். பின்வரிசையில் இருந்து, கோட் போட்டுக்கொண்டு, தில்லையம்பலம் அண்ணை எழும்பி வந்தார். அதே சாம்பல் நிறக் கோட். ஒலிவாங்கியைச் சரிசெய்து, தபாலதிபர் ஆங்கிலத்தில், காலமானவர் நான்தான் என்று தன்னை அறிமுகம் செய்தார். சபை சிரித்தது. பிறகு தன்னுடைய ஐந்து நிமிடத்தை இந்தப் பெண்மணிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். ஒருவர் நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்க விதியில் இடமில்லை என்றார் தலைவர். அண்ணை ஒரு நிமிடம் யோசித்தார். விதிகளோடு ஆயுள் முழுக்க வாழ்ந்தவர்.

என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "தாரும் தங்கச்சி. நானே வாசிக்கிறன்."

மிச்சப் பெயர்களை அவரே வாசித்தார். என் மாதிரியே பிறப்பிடம் வதிவிடத்தோடு, ஒவ்வொன்றாக, ஆறுதலாக. தனக்காக விசாரித்தவர்களின் பெயர்களை ஒரு மனிதர் வாசிப்பதை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. சில பெயர்களில் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பெயரில், இவரா என்று தமிழில் தனக்குத்தானே கேட்டார். புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் பிறம்ரனை வதிவிடமாகவும் கொண்ட கந்தசாமி என்ற பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். தலைவர் மணியில் கை வைத்தார், ஆனால் அடிக்கவில்லை.

"நாங்கள் கதைச்சு ஒன்பது வருசம்," என்றார் என்னிடம், மெதுவாக. அதுவும் தமிழில். மொழிபெயர்க்கும்படி ஒருவரும் கேட்கவில்லை. கந்தசாமி அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார், நோய்நொடி இல்லாமல் போனவரா என்று. பதில் சொல்ல முன்னர் அழுதுவிட்டார். அதை நான் அங்கே நின்றபடி அண்ணையிடம் சொன்னேன். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

வெளியே வந்ததும் என் கைத்தொலைபேசியில் ஆரணியின் செய்தி இருந்தது. கூட்டத்தை விட்பியில் இருந்து இணையத்தில் நேரடியாகப் பார்த்திருக்கிறாள். ஒருவரும் பார்ப்பதில்லை என்று சொன்ன பிள்ளை. ஏன் தன்னுடைய பேச்சை முழுக்க வாசிக்கவில்லை என்று கேட்டுவிட்டு, நானும் அழுதேன் என்று கீழே எழுதியிருந்தாள். தமிழில், மூன்று எழுத்துப் பிழையோடு.

7

உடன்படிக்கையை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு நீட்டி, பிறகு பார்ப்போம் என்றார்கள். நகரசபைகள் எல்லாம் அப்படித்தான். இன்னும் இரண்டு மாதத்தில் திரும்பவும் குழு கூடுகிறது. இந்த முறை ஆதரவாகப் பேசத் தன் பெயரைப் பதிந்துவிட்டதாக நேற்றுத் தில்லையம்பலம் அண்ணை சொன்னார். திவசம் நினைவூட்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பதிவுத் தபாலில் ஒன்று அனுப்பியிருக்கிறாராம், கிடைத்ததா என்று கேட்டார். மில்லிக்கனுக்குள்ளேயே, காரில் ஐந்து நிமிட தூரத்துக்குப் பதிவுத் தபால்.

இன்று வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே ஒரு படம். அந்தச் சாம்பல் நிறக் கோட்டோடு, ஏதோ ஒரு கோப்பிக்கடை வாசலில் நின்று, பல் தெரியச் சிரிக்கிறார். நாள் வரும்போது போட வேண்டிய படம் இதுதான், அவசரம் இல்லை என்று ஒரு சின்னத் துண்டு வைத்திருந்தார். தோளில் வழக்கம் போல யாருடையதோ ஒரு கை. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு படத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பிறப்பிடமும் வதிவிடமும் தெளிவாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கோடு போட்டு:

"கையை வெட்ட வேண்டாம். கந்தசாமியின்ரை."